முனைவாக்கிய புரோட்டான் மோதலில் பையான் கணக்கு: நோட்டிலிருந்து மடிக்கணினி வரை

இரண்டு புரோட்டான் கற்றைகளை எதிரெதிரே ஓடவிட்டு மோதினால் பையான் என்ற சிறு துகள்கள் தெறிக்கும். மோதுவதற்கு முன்பே அந்தப் புரோட்டான்களின் ஸ்பின்னை (துகளுக்கு இயல்பாகவே உள்ள சுழற்சியை) ஒரே பக்கம் திருப்பி வைத்துவிட்டால், அதாவது முனைவாக்கிவிட்டால், தெறிக்கும் பையான்களின் எண்ணிக்கை லேசாக மாறும். எவ்வளவு மாறும், கூடுமா குறையுமா என்பதைக் கோட்பாட்டிலிருந்து கணக்கிடுவது எப்படி என்று இங்கே சொல்கிறேன். சோதனை நடந்த இடம் அமெரிக்காவில், லாங் தீவில், புரூக்ஹேவன் ஆய்வகத்தின் ரிக் மோதுவளையம். கணக்குப் போட அங்கே போக வேண்டியதில்லை. நான் பெரியபட்டினத்தில் உட்கார்ந்துதான் போடுகிறேன்.

என்னிடம் படிக்க வருகிற எம்.எஸ்சி. பிள்ளைகள் மண்டபம், வேதாளை, தேவிபட்டினம், தொண்டி என்று கடற்கரை ஊர்க்காரர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும் அந்த 61 நாளில்தான் பல பேருக்கு புராஜெக்ட் பக்கம் திரும்ப நேரம் கிடைக்கிறது. அதற்குள் முடிக்கக்கூடிய கணக்கு இது. நோட்டு, பேனா, சுமாரான மடிக்கணினி, அதில் பைத்தான். இவ்வளவு போதும்.

ஆனால் ஒரு விதி வைத்திருக்கிறேன். விடை ஏறக்குறைய எவ்வளவு வரும், அதன் குறி கூட்டலா கழித்தலா என்று நோட்டில் எழுதிக் காட்டாமல் யாரும் கணினியைத் திறக்கக் கூடாது. இந்தத் துறையில் விடைகள் அரை சதவீதம், ஒரு சதவீதம் என்று வருகிறவை. நிரல் 0.006 என்று சொன்னாலும் 0.012 என்று சொன்னாலும் இரண்டும் நம்பும்படியாகத்தான் இருக்கும். எது சரி என்று நிரல் சொல்லாது. கையால் போட்ட கணக்குதான் சொல்லும்.

எதற்காக இந்தக் கணக்கு

1988இல் செர்ன் ஆய்வகத்தில் மியூவான் (எலக்ட்ரானைப் போன்ற, அதைவிடக் கனமான துகள்) கற்றையை முனைவாக்கிய புரோட்டான்கள் மேல் செலுத்திய ஐரோப்பியக் குழு ஒன்று, புரோட்டானின் ஸ்பின்னில், அதற்குள் இருக்கும் குவார்க்குகளின் பங்கு மிகச் சிறியது என்று கண்டது. இன்றைய மதிப்பீட்டில் அது சுமார் 30 சதவீதம். மீதி, குவார்க்குகளை ஒட்டவைக்கும் குளுவான்களின் ஸ்பின்னிலும், உள்ளே சுற்றும் கோண உந்தத்திலும் இருக்க வேண்டும். குளுவானுக்கு மின்னூட்டம் கிடையாது. மியூவானால் அதை நேரடியாகத் தொட முடியாது. இரண்டு புரோட்டான்களை மோதினால் குளுவானே வந்து மோதும். அதனால்தான் பையான்களை எண்ணுகிறோம்.

வலம்புரி, இடம்புரி

என் வாப்பா சங்கு குளித்தவர். வீட்டுத் திண்ணையில் எப்போதும் சங்கு கிடக்கும், எல்லாம் இடம்புரி. ஓர் இடம்புரிச் சங்கைக் கண்ணாடி முன் பிடித்தால் உள்ளே தெரிவது வலம்புரி. கண்ணாடியில் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற வலம்புரி கடலில் கிடைப்பது அபூர்வம். கடலுக்கு இரண்டும் சமம் இல்லை. குவார்க்குகளையும் குளுவான்களையும் ஆளும் வலுவிசைக்கோ இரண்டும் சமம். கண்ணாடிக்குள் தெரியும் மோதல், வெளியே நடக்கும் மோதலைப் போலவே நடக்கும்.

கணக்கில் இதன் பயன் பெரியது. துகள் போகும் திசையிலேயே ஸ்பின் இருந்தால் அதன் ஹெலிசிட்டி கூட்டல். எதிராக இருந்தால் கழித்தல். கண்ணாடி இந்தக் குறியைத் திருப்பிவிடும். இரண்டு கற்றைகளுக்கும் சேர்த்து நான்கு விதமான மோதல்கள் உண்டு. கண்ணாடிச் சமச்சீர் இருப்பதால் கூட்டல்-கூட்டலும் கழித்தல்-கழித்தலும் ஒரே விடை தரும். கூட்டல்-கழித்தலும் கழித்தல்-கூட்டலும் ஒரே விடை தரும். ஆகவே கணக்கிட வேண்டியது இரண்டே குறுக்குவெட்டுகள் (மோதல் நடக்கும் வாய்ப்பின் அளவுகள்): ஒத்த ஹெலிசிட்டி, எதிர் ஹெலிசிட்டி. ஒத்ததிலிருந்து எதிரைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது இரட்டை ஸ்பின் சமச்சீரின்மை. ஏ-எல்எல் என்று அழைப்பார்கள். நாம் தேடுவது அதைத்தான்.

இதிலேயே ஒரு சோதனையும் இருக்கிறது. ஒரு கற்றையை மட்டும் முனைவாக்கி, மற்றதைச் சும்மா விட்டால், வலுவிசையில் வித்தியாசம் சரியாக 0 வர வேண்டும். நிரலில் வேறு ஏதாவது எண் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுத் தேடுங்கள். டபிள்யூ போசான் உருவாகும் மோதலில் இது 0 ஆகாது. அது மெல்விசை, இடப்பக்க (கழித்தல் ஹெலிசிட்டி) குவார்க்குகளை மட்டுமே பிடிக்கும்.

முதல் பயிற்சி: எலக்ட்ரான், பாசிட்ரான்

புரோட்டானுக்குள் போவதற்கு முன் எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதி மியூவான் ஜோடி வருவதைப் போட்டுப் பாருங்கள். நிறையைக் கண்டுகொள்ளாமல் விடலாம். இரண்டுக்கும் ஒரே ஹெலிசிட்டி என்றால் விடை 0. காரணம், இடையில் உருவாகும் ஃபோட்டானுக்கு அச்சு வழியே கோண உந்தம் 1 வேண்டும். ஒத்த ஹெலிசிட்டியில் கிடைப்பதோ 0. எதிர் ஹெலிசிட்டி என்றால், மியூவானின் ஹெலிசிட்டி எலக்ட்ரானுடையதை ஒத்திருக்கும்போது (1 + காஸ் தீட்டா) வர்க்கம், மாறியிருக்கும்போது (1 − காஸ் தீட்டா) வர்க்கம். இரண்டையும் கூட்டினால் 2 × (1 + காஸ் வர்க்கம் தீட்டா). பாடப்புத்தகத்தில் உள்ள முனைவாக்காத விடையின் வடிவம் அதுவே.

மொத்தக் குறுக்குவெட்டு, மைய ஆற்றலின் (மோதும் இரண்டின் மொத்த ஆற்றலின்) வர்க்கமான எஸ்-ஐ ஜிஇவி என்ற ஆற்றல் அலகின் வர்க்கத்தில் எழுதினால், 86.8 ÷ எஸ் நானோபார்ன் (குறுக்குவெட்டின் அலகு). மைய ஆற்றல் 10 ஜிஇவி என்றால் எஸ் 100, விடை 0.868 நானோபார்ன். இப்போது கற்றைகளை முனைவாக்குங்கள். 1-இலிருந்து இரண்டு முனைவாக்கங்களின் பெருக்கலைக் கழித்துக்கொண்டு, அதனால் இந்த விடையைப் பெருக்க வேண்டும். எலக்ட்ரான் 80 சதவீதம், பாசிட்ரான் எதிர்ப்பக்கம் 30 சதவீதம் என்றால் பெருக்கல் −0.24, ஆக 1.24 மடங்கு. நிகழ்வுகள் கால்வாசி அதிகம். கற்றையை முனைவாக்க ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று இந்த ஒரு வரியிலேயே விளங்கும்.

பார்ட்டான் நிலை: நேரம் செலவிட வேண்டிய இடம்

குவார்க், குளுவான் இரண்டுக்கும் பொதுப்பெயர் பார்ட்டான். அவை மோதும்போது என்ன நடக்கிறது என்பதை, ஆற்றலையும் சிதறல் கோணத்தையும் குறிக்கும் எஸ், டி, யு என்ற மூன்று மாறிகளில் எழுதுகிறோம். மூன்றையும் கூட்டினால் 0. 90 பாகைச் சிதறலில் எஸ்-ஐ 1 என்று வைத்தால் டி-யும் யு-வும் ஆளுக்கு −0.5. இந்த ஒரே புள்ளியில் எல்லா மோதல்களையும் நோட்டில் போட்டுவிடலாம்.

குளுவானும் குளுவானும்: பார்க், டெய்லர் இருவரும் 1986இல் தந்த சுருக்கமான சூத்திரத்திலிருந்து இது நாலு வரியில் வரும். உள்ளே வரும் இரண்டு குளுவானுக்கும் ஒரே ஹெலிசிட்டி என்றால் தொகுதியில் எஸ்-இன் நான்காம் அடுக்கு. எதிரெதிர் என்றால் டி-இன் நான்காம் அடுக்கும் யு-வின் நான்காம் அடுக்கும். பகுதி இரண்டுக்கும் பொது. வகுக்கும்போது அடிபட்டுப் போகும். 90 பாகையில் மேலே 1 − 1/16 − 1/16, கீழே 1 + 1/16 + 1/16. விடை 7/9, அதாவது 0.78.

குவார்க்கும் குளுவானும்: ஒத்த ஹெலிசிட்டிக்கு எஸ் வர்க்கம், எதிருக்கு யு வர்க்கம். மேலே 0.75, கீழே 1.25. விடை 0.6. ஒரே வகைக் குவார்க்குகள் இரண்டு மோதினால் 5/11, சுமார் 0.45. குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் அழிந்து வேறு ஜோடி வந்தால் −1; மேலே மியூவானில் பார்த்த அதே காரணம்.

சமச்சீரின்மை மட்டும் போதாது. எந்த மோதல் எத்தனை முறை நடக்கும் என்ற எடையும் வேண்டும். 90 பாகையில் முனைவாக்காத குறுக்குவெட்டின் அளவுகளை ஒரு பக்கமாக எழுதி வையுங்கள். குளுவான்-குளுவான் 30.4, குவார்க்-குளுவான் 6.1, ஒரே வகைக் குவார்க்குகள் 3.3, வேறு வகைக் குவார்க்குகள் 2.2, குவார்க்-எதிர்க்குவார்க் அழிந்து இரண்டு குளுவான் 1.04, அழிந்து வேறு ஜோடி 0.22, இரண்டு குளுவானிலிருந்து குவார்க் ஜோடி 0.15. −1 தருகிற மோதல்களுக்கு எடை எவ்வளவு குறைவு என்று பாருங்கள். ஏ-எல்எல் பெரிய கழித்தல் எண்ணாக வருவது ஏன் கஷ்டம் என்பதற்குப் பாதி பதில் இந்தப் பட்டியலில் இருக்கிறது. மறுபாதி சற்று நேரத்தில் வரும்.

இவற்றைச் சூத்திரத்திலிருந்து எடுத்து எழுதுவதைவிட, ஒன்றையாவது டிரேஸ் (காமா அணிகளின் மூலைவிட்டக் கூட்டல்) போட்டு நீங்களே கொண்டுவர வேண்டும் என்பது என் பிடிவாதம். வேறு வகைக் குவார்க்குகள் இரண்டு மோதுவதை எடுங்கள், வரைபடம் ஒன்றுதான். முனைவாக்காத கணக்கில் உந்தத்தை அப்படியே போடுவோம். இங்கே அதன் முன்னால், ஹெலிசிட்டியைப் பிரித்தெடுக்கும் பாதி × (1 ± காமா-5) சேரும். காமா-5 உள்ள டிரேஸ் இரண்டு வரும். இரண்டிலும் லெவி-சிவிட்டா குறியீடு வரும். இரண்டையும் பெருக்கினால் எஸ் வர்க்கம் கழித்தல் யு வர்க்கம் கிடைக்கும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. ஃபார்ம் என்ற இலவச நிரலில் காமா-5 டிரேஸ் எடுத்தால் லெவி-சிவிட்டாவின் முன்னால் கற்பனை எண் வராது. இரண்டு லெவி-சிவிட்டாவைப் பெருக்கும்போது வரவேண்டிய கழித்தல் குறியும் வராது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் முழுக்க ஃபார்மிலேயே செய்தால் விடை சரி. டிரேஸை அதில் எடுத்துவிட்டுப் பெருக்கலைப் புத்தகச் சூத்திரப்படி கையால் செய்தால் குறி தலைகீழாகி, 0.6 வர வேண்டிய இடத்தில் −0.6 நிற்கும்.

பிடிப்பது எப்படி? 180 பாகைக்குப் போங்கள். எதிர் ஹெலிசிட்டி உள்ள இரண்டு குவார்க்குகள் அச்சு வழியே கோண உந்தம் 1 கொண்டுவரும். ஹெலிசிட்டி மாறாமல் நேர் பின்னால் திரும்பினால் அது −1 ஆகிவிடும். கோண உந்தம் மாறக் கூடாது. ஆகவே அந்த மோதல் நடக்கவே முடியாது. ஒத்த ஹெலிசிட்டி மட்டும் மிஞ்சும். 180 பாகையில் விடை +1 ஆக வேண்டும். யு-வுக்கு 0 போட்டுப் பாருங்கள். உங்கள் சூத்திரம் −1 என்று சொன்னால் குறி எங்கோ தொலைந்திருக்கிறது.

புரோட்டானுக்குள் போதல்

ரிக் மோதுவளையத்தில் மைய ஆற்றல் 200 ஜிஇவி. பக்கவாட்டில் 5 ஜிஇவி உந்தத்தோடு வெளியேறும் நடுநிலைப் பையானை எடுப்போம். பையான், தன்னைப் பெற்ற பார்ட்டானின் உந்தத்தில் ஏறக்குறைய பாதியைக் கொண்டுபோகிறது என்று வையுங்கள். அப்படியானால் பார்ட்டானுக்குப் பக்கவாட்டில் 10 ஜிஇவி. அதை இரட்டித்து 200ஆல் வகுத்தால் 0.1. புரோட்டானின் உந்தத்தில் பத்தில் ஒரு பங்கைச் சுமந்த குவார்க்குகளும் குளுவான்களும்தான் இங்கே மோதுகின்றன.

இப்போது கைக்கணக்கு. மோதல்களில் குளுவான்-குளுவான் 40 சதவீதம், குவார்க்-குளுவான் 50, குவார்க்-குவார்க் 10 என்று பிடியுங்கள். குளுவான்களின் நிகர முனைவாக்கம் 0.1, குவார்க்குகளின் சராசரி முனைவாக்கமும் 0.1 என்று வையுங்கள். இவையெல்லாம் பயிற்சிக்காக எடுத்த உருண்டை எண்கள். குளுவான்-குளுவான் 0.4 × 0.78 × 0.01 = 0.0031. குவார்க்-குளுவான் 0.5 × 0.6 × 0.01 = 0.0030. குவார்க்-குவார்க் 0.1 × 0.45 × 0.01, சுமார் 0.0005. மொத்தம் 0.0066. நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு பங்கிலும் இரண்டு சிறு எண்களைப் பெருக்குகிறோம். அதனால்தான் விடை இவ்வளவு சிறுத்துப்போகிறது.

அப்புறம், குளுவானின் முனைவாக்கத்தை −0.1 ஆக்குங்கள். முதல் பங்கில் அது இரண்டு முறை பெருக்கப்படுவதால் குறி மாறாது. இரண்டாவது பங்கு மட்டும் தலைகீழாகும். 0.0031 − 0.0030 + 0.0005 = 0.0006. ஏறக்குறைய எல்லாம் அடிபட்டுப் போய்விட்டது! மேலே சொன்ன மறுபாதி பதில் இதுதான். குளுவானின் ஸ்பின் எந்தப் பக்கம் இருந்தாலும் வர்க்கப் பங்கு கூட்டல் எண்ணாகவே நிற்கும். ஏ-எல்எல்-ஐ கீழே விடாமல் அது தாங்கிப் பிடிக்கும். நடுநிலைப் பையானை மட்டும் வைத்துக்கொண்டு குளுவான் ஸ்பின்னின் குறியைச் சொல்வது ஏன் கடினம் என்பது நோட்டில் மூன்று வரியில் தெரிந்துவிட்டது. எந்த நிரலும் இதை இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

சோதனைக்காரர்கள் படும் பாட்டையும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். அளவீட்டின் பிழை, 1-ஐ இரண்டு கற்றைகளின் முனைவாக்கத்தாலும் நிகழ்வு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தாலும் வகுத்த அளவு. முனைவாக்கம் 55 சதவீதம் என்றால் பெருக்கல் சுமார் 0.3. பிழை 0.001க்குள் வர வேண்டுமானால் சுமார் 1.1 கோடிப் பையான்களை எண்ண வேண்டும்.

இனி மடிக்கணினி

எல்எச்ஏபிடிஎஃப் என்ற இலவச நூலகத்தை நிறுவுங்கள். பார்ட்டான் பரவல்கள் (எந்த உந்தப் பங்கில் எத்தனை பார்ட்டான் என்ற கணக்கு) அதில் கோப்புகளாகக் கிடைக்கும். முனைவாக்கியவற்றுக்கு என்என்பிடிஎஃப்-பால் 1.1 (NNPDFpol1.1) என்ற கோப்பு நல்ல தொடக்கம். முனைவாக்காத பரவலுக்கு அதனோடு பொருந்துகிற, அதே குழுவின் 2.3 கோப்பை எடுங்கள். கிடைத்ததை எல்லாம் கலந்து போட்டால், சில இடங்களில் முனைவாக்கிய பரவல் முனைவாக்காததைவிடப் பெரிதாகிவிடும். அதற்குப் பொருளே இல்லை. பார்ட்டான் பையானாக மாறும் கட்டத்துக்கு, எந்தப் பங்கு உந்தத்தோடு பையான் வரும் என்று சொல்லும் துண்டாதல் சார்பு வேண்டும். பையானுக்கு ஸ்பின் 0 என்பதால் இங்கே முனைவாக்கிய சார்பு தேவையில்லை. சாதாரணச் சார்பே போதும்.

இரண்டு புரோட்டான்களிலிருந்து இரண்டு பங்குகள், பையான் எடுத்துப்போகும் பங்கு ஒன்று என்று மூன்று தொகையீடுகள் வரும். வேகாஸ் முறையில் (சமவாய்ப்பு எண்களால் தொகையிடும் முறை) மடிக்கணினியே தாராளமாகச் செய்துவிடும். ஓடவிட்ட பிறகு செய்ய வேண்டிய சோதனைகள்தான் முக்கியம்.

எல்எச்ஏபிடிஎஃப் திருப்பித் தருவது பரவலை அல்ல. உந்தப் பங்கால் பெருக்கிய பரவலை. அந்தப் பங்கால் வகுக்க மறந்தாலும் ஏ-எல்எல் பெரிதாக மாறாது. மேலும் கீழும் ஒரே தவறு இருப்பதால் பெரும்பாலும் அடிபட்டுவிடும். அதனால் சமச்சீரின்மையை மட்டும் அச்சிடாதீர்கள். முனைவாக்காத குறுக்குவெட்டையும் அச்சிட்டு, ரிக்கில் சோதனை செய்த ஃபீனிக்ஸ் குழு வெளியிட்ட அளவீட்டோடு ஒப்பிடுங்கள். முதல்படிக் கணக்கு என்பதால் அச்சாகப் பொருந்தாது; ஆனால் பத்து மடங்கு விலகினால் ஏதோ தப்பு.

அடுத்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. முனைவாக்கிய பரவல் கேட்கும் இடத்திலெல்லாம் முனைவாக்காத பரவலையே கொடுத்துவிடுங்கள். புரோட்டானுக்குள் எல்லாமே 100 சதவீதம் திரும்பி நிற்பது போன்ற நிலை. விடை பார்ட்டான் நிலைச் சமச்சீரின்மைகளின் சராசரியாக, 0.6க்கும் 0.7க்கும் பக்கத்தில் வர வேண்டும். தேவிபட்டினத்து மாணவன் ஒருவனுக்கு 1.3 வந்தது. 1ஐத் தாண்டவே முடியாத அளவு அது. தேடிப் பார்த்தால், கழித்தலில் போட வேண்டிய பாதியை விட்டுவிட்டு, கூட்டலில் மட்டும் போட்டிருந்தான். உண்மையான பரவலோடு ஓட்டியபோது 0.006க்குப் பதில் 0.012 காட்டிக்கொண்டு, சந்தேகமே வராமல் இருந்த நிரல் அது.

பிழைக் கணக்குக்கு அந்த முனைவாக்கிய பரவல் கோப்பில் உள்ள 100 பிரதிகளையும் (பிழைக்குள் சற்றே மாறிய பரவல்கள்) ஓட்டி, சராசரியும் விலக்கமும் எடுங்கள். ஒவ்வொரு பிரதி முடிந்ததும் விடையைக் கோப்பில் எழுதிவிடும்படி நிரலை அமையுங்கள். எங்கள் பக்கம் வாடைக்காற்று மாதங்களில் மழை பிடித்தால் மின்சாரம் போவது வழக்கம். 80ஆம் பிரதியில் நின்றால் முதலிலிருந்து ஓட்டும் நிலை வரக் கூடாது. ஆற்றல் அளவுகோலாகப் பையானின் பக்கவாட்டு உந்தத்தை வைத்து, அதில் பாதியிலும் இரட்டிப்பிலும் ஒருமுறை ஓட்டுங்கள். குறுக்குவெட்டு நிறையவே ஆடும். விகிதம் அவ்வளவு ஆடாது.

அடுத்த படித் திருத்தம் இந்த முறையில் வேண்டாம். அங்கே பரிமாணத்தை 4லிருந்து விலக்குவார்கள். 4 பரிமாணத்தில் மட்டும் பொருள்படும் காமா-5ஐ அங்கே எப்படி வைப்பது என்பது தனிப் பாடம். அதேபோல், ஸ்பின்னைக் குறுக்குவாட்டில் திருப்பிய மோதல்களுக்கு இந்தக் கணக்கு பயன்படாது. இந்த முறையில் போட்டால் அங்கே சமச்சீரின்மை 0க்கு மிகப் பக்கத்தில் வரும். 1991இல் ஃபெர்மி ஆய்வகம் வெளியிட்ட அளவீட்டிலோ அது 30 சதவீதத்தைத் தாண்டியது. அதற்கு வேறு கருவிகள் வேண்டும்.

விடை வந்ததும் ரிக் அளவீடுகளோடு ஒரே படத்தில் வரையுங்கள். அந்த அளவீடுகளைச் சேர்த்து 2014இல் டிஎஸ்எஸ்வி என்ற கோட்பாட்டாளர் குழு செய்த பகுப்பாய்வில், 10 ஜிஇவி வர்க்க அளவுகோலில், உந்தப் பங்கு 0.05க்கு மேல் உள்ள குளுவான்கள் புரோட்டானின் ஸ்பின்னான 0.5இல் சுமார் 0.2ஐத் தாங்குகின்றன என்று வந்தது. உங்கள் கோட்டை வரைந்து முடித்ததும், பையானை எடுத்துவிட்டு நேரடி ஃபோட்டானைப் போடுங்கள். குவார்க்கும் குளுவானும் மோதி ஃபோட்டான் வரும் அந்த மோதலிலும் 90 பாகையில் 0.6தான். குளுவானின் முனைவாக்கம் அதில் ஒரே ஒரு முறைதான் பெருக்கப்படுகிறது; துண்டாதல் சார்பும் தேவையில்லை. 0.1ஐயும் −0.1ஐயும் போட்டு இரண்டு கோடு வரைந்து, ஃபீனிக்ஸ் குழு 2023இல் 510 ஜிஇவி ஆற்றலில் வெளியிட்ட புள்ளிகள் எந்தக் கோட்டின் பக்கம் நிற்கின்றன என்று பாருங்கள். ஆற்றல் மாறியிருப்பதால் உந்தப் பங்கை மறுபடி கணக்கிட மறக்காதீர்கள். அதையும் முதலில் நோட்டில்தான்.